கோல் காவலர் ஆர். ஆறுமுகம்

மாலை ஐந்து மணி ஆனதும் தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் கூடுவார்கள். கோலா சிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் இந்தக் காட்சியைச் சொல்வார்கள். இரண்டு கற்களை வைத்தால் அது கோல் கம்பம். காற்றுக் குறைந்த பழைய பந்து ஒன்று இருந்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். ஆனால், ஒவ்வொரு நாளும் ஒரு சிக்கல் எழும். கோல் காவலராக யார் நிற்பது?

எல்லாருக்கும் ஓடி ஆடிக் கோல் போட வேண்டும் என்றே ஆசை. ஆகவே, குழுவிலேயே சிறியவனோ, ஓட முடியாதவனோ, கடைசியாக வந்து சேர்ந்தவனோதான் அந்தக் கற்களுக்கு இடையே நிறுத்தப்படுவான். பத்துப் பந்துகளைப் பிடித்தாலும் அவனை யாரும் பாராட்ட மாட்டார்கள். ஒரு பந்தைத் தவறவிட்டால் எல்லாரும் அவனைத்தான் திட்டுவார்கள்.

யாரும் விரும்பாத அந்த இடத்தில் நின்று நாடறிந்த விளையாட்டாளராக உயர்ந்தவர் ஒருவர் நம் சிலாங்கூர் மாநிலத்தில் இருந்தார். அவர்தான் ஆர். ஆறுமுகம். 1970களிலும் 1980களிலும் சிலாங்கூர் மாநிலக் குழுவுக்கும் மலேசியத் தேசியக் குழுவுக்கும் கோல் காவலராக விளங்கியவர். நீண்ட கைகளை விரித்துப் பந்தை எட்டிப் பிடித்த அவரை இரசிகர்கள் ‘ஸ்பைடர்மேன்’, அதாவது சிலந்தி மனிதர் என்று அழைத்தனர்.

ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பிறந்தார். அப்போது மலாயா விடுதலை அடைந்திருக்கவில்லை. அவருக்கு நான்கு வயதானபோது, 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், கோலாலம்பூரில் மெர்டேக்கா விளையாட்டரங்கில் நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அதே அரங்கில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கப்பட்டது. ஆசிய நாடுகள் பலவற்றின் குழுக்கள் இப்போட்டிக்காகக் கோலாலம்பூருக்கு வந்து விளையாடின. அக்காலத்துச் சிறுவர்களுக்கு மெர்டேக்கா அரங்கின் பச்சைப் புல்தரையில் ஒரு முறையேனும் காலடி வைக்க வேண்டும் என்பது பெருங்கனவாக இருந்தது. பிற்காலத்தில் அந்த அரங்கமே ஆறுமுகத்தின் வாழ்வில் மிகப் பெரிய வெற்றி நிகழ்ந்த இடமாக அமைந்தது.

கோல் காவலரின் பணி எத்தகையது என்பதை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். காற்பந்துத் திடலில் உள்ள கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் இடைவெளி உண்டு. அதன் உயரம் 2.44 மீட்டர். இவ்வளவு பெரிய பரப்பை ஒரே ஒருவர் காக்க வேண்டும். பெனால்டி உதை 11 மீட்டர் தொலைவிலிருந்து உதைக்கப்படுகிறது. வேகமாக உதைக்கப்பட்ட பந்து ஏறக்குறைய அரை விநாடியில் கோல் கோட்டை எட்டிவிடும். பந்து எங்கே வருகிறது என்று பார்த்த பிறகு பாய்ந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். உதைப்பவரின் காலையும் இடுப்பையும் கவனித்து, அவர் எந்தப் பக்கம் உதைப்பார் என்பதை முன்கூட்டியே உணர வேண்டும்.

மற்ற பத்து விளையாட்டாளர்களும் தவறு செய்யலாம். தாக்குதல் ஆட்டக்காரர் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கலாம். நடுத்திடல் ஆட்டக்காரர் பந்தை இழந்தால் பின்னால் இருப்பவர் அதை மீட்டுத் தருவார். கோல் காவலருக்குப் பின்னால் வலை மட்டுமே இருக்கிறது. அவர் செய்யும் சிறு தவறும் உடனே எதிரணியின் கோலாக மாறிவிடும். ஆட்டம் முடியும்வரை அவர் கவனம் சிதறக் கூடாது. எண்பது நிமிடம் பந்து அவர் பக்கம் வராமலேயே இருக்கலாம். எண்பத்தோராம் நிமிடத்தில் வரலாம். அந்த ஒரு கணத்திற்காக அவர் முழு ஆட்டமும் விழிப்போடு நிற்க வேண்டும். ஆறுமுகம் இந்தப் பொறுப்பை ஓராண்டோ ஈராண்டோ அல்ல, பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தாங்கினார்.

அவர் தேசியக் குழுவில் இடம்பிடித்த காலம் எளிதான காலமன்று. அவருக்கு முன் கோல் காவலர்களாக விளங்கியவர்கள் உயர்ந்த தரத்தை ஏற்படுத்தி வைத்திருந்தனர். சோவ் சீ கியோங் ஆசியாவின் மிகச் சிறந்த கோல் காவலர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர். 1972ஆம் ஆண்டு மலேசியக் காற்பந்துக் குழு மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றுச் சென்றது. அங்கு அமெரிக்காவை 3-0 என்னும் கோல் கணக்கில் வென்றும் காட்டியது. அத்தகைய குழுவில் இடம் கிடைப்பதே அரிது. கோல் காவலர் இடமோ ஒன்றே ஒன்றுதான். இருபது வயதை எட்டிய காலத்தில் ஆறுமுகம் தேசியக் குழுவுக்குள் நுழைந்தார்.

1974ஆம் ஆண்டு ஈரான் தலைநகர் தெஹ்ரானில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. மூன்றாம் இடத்தை முடிவு செய்யும் ஆட்டத்தில் மலேசியா வட கொரியாவை 2-1 என வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. இளைஞரான ஆறுமுகமும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார். ஆசிய விளையாட்டுப் போட்டியின் காற்பந்தில் பதக்கம் வெல்வது மலேசியாவுக்கு எளிதாகக் கிட்டிய பெருமையன்று. 1973, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் மெர்டேக்கா போட்டியையும் மலேசியாவே வென்றது.

அடுத்து வந்த ஆண்டுகளில் தென்கிழக்காசியாவில் மலேசியக் குழுவின் கை ஓங்கியது. 1977ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் மலேசியா தாய்லாந்தை 2-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. 1979ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என வென்று மீண்டும் தங்கம் வென்றது. இவ்விரண்டு இறுதியாட்டங்களிலும் எதிரணியால் ஒரு கோலும் போட முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோல் போட்டவர்களின் பெயர்கள் மறுநாள் நாளிதழ்களில் பெரிய எழுத்தில் வந்திருக்கும். கோல் விழாமல் காத்த தற்காப்பு ஆட்டக்காரர்களும் கோல் காவலரும் இல்லாமல் அந்தத் தங்கம் கிடைத்திருக்காது.

நாட்டுக்காக விளையாடாத நாள்களில் ஆறுமுகம் சிவப்பு, மஞ்சள் நிறங்களைத் தாங்கிய சிலாங்கூர் குழுவுக்காகக் களம் இறங்கினார். அக்காலத்தில் மக்களை மிகவும் ஈர்த்த போட்டி மலேசியக் கிண்ணப் போட்டியாகும். இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1921ஆம் ஆண்டு ‘மலாயா’ என்னும் பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்தோடு மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியது. 1967ஆம் ஆண்டு முதல் அது மலேசியக் கிண்ணம் என்று அழைக்கப்பட்டு வருகிறது. இக்கிண்ணத்தை மிக அதிக முறை வென்ற குழு சிலாங்கூர்தான்.

1970களில் சிலாங்கூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடும் போட்டி நிலவியது. 1975, 1976, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை வென்று சிலாங்கூர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1980ஆம் ஆண்டு சிங்கப்பூர் 2-1 என வென்று பழிதீர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் 4-0 என்னும் கணக்கில் சிங்கப்பூரை வென்று கிண்ணத்தை மீட்டது. கோல்களைக் குவித்த மொக்தார் டஹாரி ஒரு முனையில், கோலைக் காத்த ஆறுமுகம் மறு முனையில் என்று சிலாங்கூர் இரசிகர்கள் பெருமைப்பட்ட காலம் அது. கோலா சிலாங்கூர் தொடங்கி வட சிலாங்கூர் தோட்டங்கள்வரை காற்பந்து பேசாத காப்பிக்கடை இல்லை என்று சொல்லும் அளவுக்கு மக்கள் இவ்விளையாட்டில் ஊறியிருந்தனர்.

ஆறுமுகத்தின் வாழ்வில் மறக்க முடியாத ஆண்டு 1980. அவ்வாண்டு சோவியத் யூனியனின் தலைநகரான மாஸ்கோவில் ஒலிம்பிக் போட்டி நடைபெறவிருந்தது. அதற்கான தகுதிச்சுற்று மார்ச் மாதம் கோலாலம்பூரில் தொடங்கியது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகிய நாடுகளோடு மலேசியா மோதியது. முதல் இரண்டு இடங்களைப் பெற்ற மலேசியாவும் தென் கொரியாவும் இறுதியாட்டத்தில் சந்தித்தன. வெல்லும் குழு ஒன்றுதான் மாஸ்கோ செல்லும்.

ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா விளையாட்டரங்கம் இரசிகர்களால் நிரம்பி வழிந்தது. அன்று மலேசியச் சட்டை அணிந்து நின்றவர்களைப் பார்த்தால் நம் நாட்டையே ஒரு திடலில் பார்ப்பதுபோல் இருக்கும். குழுத்தலைவர் சோ சின் ஆன் மலாக்காவைச் சேர்ந்த சீனர். அவரோடு தற்காப்பில் நின்றவர்களுள் சந்தோக் சிங் சீக்கியர்; ஜமால் நாசிர் மலாய்க்காரர். தாக்குதலில் ஜேம்ஸ் வோங், ஹசான் சானி ஆகிய இருவரும் தென்சீனக் கடலுக்கு அப்பால் உள்ள சபா மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் எல்லாருக்கும் பின்னால், கோல் கம்பங்களுக்கு இடையே, தமிழரான ஆறுமுகம் நின்றார். அவர்களுடைய தாய்மொழிகள் வேறு, சமயங்கள் வேறு. ஆனால், பந்து கோலை நோக்கி வரும்போது ஒருவர் மற்றவரை நம்பித்தான் ஆக வேண்டும். தற்காப்பு ஆட்டக்காரர் தம் முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க முடியாது. அங்கே ஆறுமுகம் இருக்கிறார் என்னும் நம்பிக்கையில்தான் அவர் முன்னேறிப் பந்தை எதிர்கொள்வார்.

தென் கொரியா அன்றும் ஆசியாவின் வலிமைமிக்க குழுக்களில் ஒன்று. ஆட்டம் 1-1 என்னும் சமநிலையில் இறுதிக் கட்டத்தை நெருங்கியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பினார். அரங்கமே அதிர்ந்தது. எஞ்சிய நிமிடங்களில் கோலைக் காத்து நின்ற மலேசியா 2-1 என வென்றது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் காற்பந்துக் குழு மீண்டும் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஆறுமுகத்திற்கு அப்போது வயது 27. ஒரு கோல் காவலருக்கு உடல் வலிமையும் அனுபவமும் ஒருங்கே கூடிவரும் வயது அது.

ஆனால், அவர் மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. அக்குழுவில் எவரும் செல்லவில்லை.

காரணம் திடலுக்கு வெளியே இருந்தது. 1979ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தான் நாட்டுக்குள் நுழைந்தன. இதைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு அமெரிக்கா உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போட்டிக்குச் செல்லவில்லை. மலேசியாவும் புறக்கணிக்க முடிவு செய்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் குழு விளையாடியது. 1980ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் மாஸ்கோவில் ஒலிம்பிக் தொடங்கியபோது, அதற்குத் தகுதி பெற்ற மலேசிய விளையாட்டாளர்கள் நம் நாட்டிலேயே இருந்தனர்.

ஒரு நாடு மற்றொரு நாட்டின்மீது படையெடுப்பதைக் கண்டிப்பது அரசின் கடமை என்று சிலர் கருதினர். அரசியல் சண்டைக்காக விளையாட்டாளர்களின் பல்லாண்டு உழைப்பை வீணாக்கலாமா என்று வேறு சிலர் வருந்தினர். இவ்விரண்டு கருத்துகளையும் இன்றும் நாம் விவாதிக்கலாம். ஆனால், ஒன்று மட்டும் உறுதி. விளையாட்டாளரின் இளமை திரும்பி வராது. ஒலிம்பிக் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெறவில்லை. அதன் பின்னரும் மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றதில்லை. 1980ஆம் ஆண்டு மெர்டேக்கா அரங்கில் கிடைத்த வெற்றியே அத்தகைய கடைசி வெற்றியாக நிற்கிறது.

இத்தகைய ஏமாற்றத்திற்குப் பிறகு பலர் மனம் தளர்ந்து ஒதுங்கியிருப்பர். ஆறுமுகம் ஒதுங்கவில்லை. தொடர்ந்து கையுறை அணிந்து கோல் கம்பங்களுக்கு இடையே நின்றார். 1981, 1982, 1984 ஆகிய ஆண்டுகளில் சிலாங்கூர் மீண்டும் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1980களின் நடுப்பகுதிவரை அவர் விளையாட்டு வாழ்க்கை நீண்டது.

அக்கால விளையாட்டாளர்கள் இன்றுள்ளவர்களைப்போல் காற்பந்தையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறைக் காற்பந்து லீக் 1989ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு முன் விளையாடியவர்கள் பகலில் வேலைக்குச் சென்று மாலையில் பயிற்சிக்கு வந்தனர். பெரிய சம்பளமோ விளம்பர வருமானமோ அவர்களுக்குக் கிடையாது. நாட்டின் சட்டையை அணிவதே அவர்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு.

அந்தப் புதிய காலம் பிறப்பதை ஆறுமுகம் பார்க்கவில்லை. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் சாலை விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 35 மட்டுமே. தம் அனுபவத்தை அடுத்த தலைமுறைக் கோல் காவலர்களுக்கு வழங்கியிருக்கக்கூடிய பல ஆண்டுகள் அவரோடு முடிந்துபோயின. நாடு முழுவதும் காற்பந்து இரசிகர்கள் இனவேறுபாடின்றி வருந்தினர். அவரோடு சிலாங்கூருக்காக விளையாடிப் புகழ்பெற்ற மொக்தார் டஹாரியும் மூன்றாண்டுகளுக்குள், 1991ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், நோயினால் காலமானார். ஒரு பொற்காலத்தின் இரு முனைகளும் இவ்வாறு இளம் வயதிலேயே மறைந்தன.

ஆறுமுகம் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டு, ‘ஓலா போலா’ என்னும் மலேசியத் திரைப்படம் வெளிவந்தது. 1980ஆம் ஆண்டு ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் வென்ற குழுவின் கதையைத் தழுவி, கற்பனையும் கலந்து எடுக்கப்பட்ட படம் அது. அதில் வரும் கோல் காவலர் ஒரு தமிழ் இளைஞர். ஆறுமுகம் விளையாடியதை நேரில் பார்த்திராத இளையோர் பலர் அப்படத்தைப் பார்த்த பிறகுதான் தம் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் அவரைப் பற்றிக் கேட்டறிந்தனர்.

இன்று வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும், செம்பனை நின்ற இடத்தில் வீடுகளும் வந்துவிட்டன. தோட்டத்துத் திடல்கள் சில மறைந்தும் போயின. ஆயினும், எஞ்சியிருக்கும் திடல்களில் மாலை வேளையில் பிள்ளைகள் பந்து விளையாடுவதை நாம் காணலாம். கோல் காவலராக யார் நிற்பது என்னும் பழைய சிக்கலும் அவர்களோடு தொடர்கிறது.

குடும்பத்திலும் பள்ளியிலும் பணியிடத்திலும்கூட அத்தகைய இடங்கள் உண்டு. சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால் மட்டும் எல்லாரும் பேசுவார்கள். அந்த இடத்தில் நிற்க மனவுறுதி வேண்டும். ஆறுமுகம் வென்ற பதக்கங்களையும் கிண்ணங்களையும் எண்ணிக் கணக்குச் சொல்லலாம். அவர் தடுத்த பந்துகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. போகாத மாஸ்கோ பயணத்திற்கும் பதக்கம் எதுவும் இல்லை. எனினும், நாடு தம்மை நம்பி நிறுத்திய இடத்தை விட்டு அவர் நகரவில்லை. அடுத்த முறை திடலில் உங்களைக் கோல் காவலராக நிற்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். சிலாங்கூரின் சிலந்தி மனிதர் நின்ற இடம் அது.